மூன்று மிஷின், ஒரு பலகை

காஜா பெராங் சாலைத் திருப்பத்திலேயே கமலவேணிக்குத் தெரிந்துவிட்டது. பெரிய மிஷின் ஓடுகிறது!

ஓடக் கூடாது.

ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடை நோட்டீஸுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பியவள், சைக்கிள் மிதியை ஓங்கி அழுத்தினாள். ஹாஜா அச்சகத்தில் மூன்று மிஷின்கள். சின்னவை இரண்டும் லொட லொடவென்று பேசும். பெரியது பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சு தெருவரை கேட்டது.

1957 ஆகஸ்ட் 29. வியாழன் காலை ஒன்பதே முக்கால். சனிக்கிழமை மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள். காஜா பெராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் திடல்வரை ஊர்வலம். அதன் நிகழ்ச்சி நிரல் மூவாயிரம் தாள், மாலை நான்கு மணிக்கு லாரியில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால்?

"ஒம் பலகையக் கழட்டி அடுப்புல போட்டுருவேன். நீ மறுபடியும் எழுத்துக் கோக்கப் போ" என்று முதலாளி ஹாஜா நேற்றே சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பலகை என்பது சுவரில் மாட்டிய ஒரு பழைய கதவு. அதில் நான்கு வரிசை ஆணி: காத்திருப்பது, ஓடுவது, நிறுத்தி வைத்தது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. எந்த அட்டை எந்த ஆணியில் தொங்குகிறதோ, அதைப் பார்த்துத்தான் மிஷின்காரர்கள் கை வைக்க வேண்டும். மூன்று வருடம் அச்செழுத்துக் கோத்த கமலவேணி இரண்டு மாதங்களுக்கு முன் கேட்டு வாங்கிய பொறுப்பு இது. அதற்கு முன்னால் அந்த அச்சகத்தில் யார் சத்தமாகக் கத்துகிறாரோ அவருடைய வேலை முதலில் ஓடும்.

உள்ளே ஓடினாள். பலகையைப் பார்த்தாள்.

அவள் 'நிறுத்தி வைத்தது' ஆணியில் மாட்டிவிட்டுப் போன, நிகழ்ச்சி நிரலின் சிவப்பு அச்சுக்கான அட்டை 'முடிந்தது' ஆணியில் தொங்கியது!

நிரலுக்கு இரண்டு நிறம். 'மெர்டேக்கா' என்ற தலைப்பும் கரையும் சிவப்பு, மற்றதெல்லாம் நீலம். சிவப்பு காய்ந்த பிறகுதான் நீலம் ஏற வேண்டும். காய ஐந்து மணி நேரம். நேற்று மத்தியானம் இரண்டாயிரம் தாளுக்குச் சிவப்பு ஓடியது. மீதி ஆயிரம் இன்று காலை ஏழிலிருந்து எட்டு வரை. அந்த ஆயிரமும் இன்னும் பச்சை ஈரம்.

பெரிய மிஷினிலிருந்து வந்து விழுந்த தாளை உருவினாள். நீல எழுத்துக்கு மேல் சிவப்புத் தீற்றல். அடுத்த தாள். அதுவும். அடுத்ததும்!

"சுப்பையண்ணே! யாரு அட்டைய மாத்துனது?"

சுப்பையன் மிஷின் மேஸ்திரி. இருபது வருட அனுபவம். திரும்பாமலே சொன்னார். "நான்தான். தாளு மிஷின விட்டு எறங்கிருச்சுல்ல? அப்ப முடிஞ்சதுதானே? ஒம்போது மணிக்கு ஊர்வலக் கமிட்டி செகரட்டரி வந்தாரு. பலகையில ஒண்ணுமே முடியாம தொங்குனா அச்சகத்துக்கு என்னா மரியாதை?"

"மரியாதைக்கு அட்டைய மாத்துனீங்க. அத நம்பிப் பெரிய மிஷின் ஓட்டுற மாணிக்கம் நீலத்த ஏத்திட்டாரு. இந்தத் தாளப் பாருங்க."

சுப்பையன் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

அதற்குள் முன்னறையிலிருந்து ஹாஜா ஓடி வந்தார். பின்னாலேயே கமிட்டிச் செயலாளர் மாணிக்கவாசகம். தாளைப் பார்த்ததும் ஹாஜா தலையில் கை வைத்தார்.

"அலாமா! ஹாபிஸ் லா! எல்லாம் போச்சு! எஞ்சின நிப்பாட்டு! எல்லாத்தையும் நிப்பாட்டு!"

எஞ்சின்காரர் நடராஜன் கை நெம்புகோலுக்குப் போனது.

"தொடாதீங்க!"

கமலவேணி போட்ட சத்தத்தில் நடராஜன் அப்படியே நின்றுவிட்டார்.

மூன்று மிஷின்களுக்கும் ஒரே டீசல் எஞ்சின். வயதான எஞ்சின். ஒருமுறை அணைந்தால், அதன் தலையை ஊதுவிளக்கு வைத்துச் சூடேற்றி மறுபடி கிளப்ப முக்கால் மணி நேரம் ஆகும். அதுவும் அதன் மனசு நன்றாக இருந்தால்.

"எஞ்சின் ஓடட்டும், மொதலாளி. பெரிசோட தோல் வார மட்டும் தள்ளுனா போதும். ரெண்டு சின்னதும் அது பாட்டுக்கு ஓடும்."

சொல்லிக்கொண்டே மூலையிலிருந்த மரக்கோலை எடுத்தாள். தலைக்கு மேலே சுற்றும் தண்டில் பெரிய மிஷினின் வாரைக் கோலால் மெல்லத் தள்ளி, சும்மா சுற்றும் சக்கரத்தின் மேல் ஏற்றினாள். பெருமூச்சு அடங்கியது. லொட லொட நிற்கவில்லை.

"எத்தன தாள் கெட்டுது?"

"எழுபது" என்றார் சுப்பையன். குரல் தரையில் கிடந்தது.

"நூறு தாள் கூடுதலா போட்டிருக்கோம். முப்பது கையில இருக்கு. வேலையக் கொல்ல வேணாம், நிறுத்தி வெச்சா போதும்."

சின்ன மிஷின் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த சினிமா நோட்டீஸின் அட்டையை எடுத்து 'நிறுத்தி வைத்தது' வரிசையில் மாட்டினாள்.

"அது ஏன் லா?" ஹாஜா பதறினார். "படம் நாளைக்கு!"

"நாளைக்குத்தானே, மொதலாளி? எனக்கு இப்ப ஆளு வேணும். மாணிக்கம் பெரிசோட உருளைய மண்ணெண்ணெய் போட்டுக் கழுவட்டும். சினிமா மிஷின் ஆளு வந்து அடுக்க மாத்தட்டும்."

"எந்த அடுக்க?"

"காலையில அடிச்ச ஆயிரம் மேல இருக்கு. நேத்து அடிச்ச ரெண்டாயிரம் அடியில காஞ்சு கெடக்கு. அடுக்க மாத்தத்தான் நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வெச்சேன். மேலேர்ந்து எடுத்து ஓட்டுனதுதான் தப்பு. அடியில உள்ளதுலேர்ந்து ஆரம்பிச்சா ரெண்டு மணி நேரம் ஓடும். அதுக்குள்ள மேல உள்ளது காஞ்சிரும்."

மாணிக்கவாசகம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எது எப்ப அடிச்சதுன்னு எப்படிம்மா தெரியும்?"

அவள் அடுக்கை நோக்கிக் கை நீட்டினாள். ஒவ்வொரு நூறு தாளுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் வால் நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் மணி.

பத்தரைக்குப் பெரிய மிஷின் மறுபடி பெருமூச்சு விட்டது. நீலம் சுத்தமாக விழுந்தது. பதினொன்றுக்கு மழை பிடித்தது. பன்னிரண்டரைக்கு நேற்றைய இரண்டாயிரமும் முடிந்தது.

இப்போது காலைத் தாள்.

முதல் தாளின் சிவப்பில் கமலவேணி கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள்.

லேசான ரோஸ்!

மழை ஈரம் வேலையைக் காட்டிவிட்டது.

"வாரத் தள்ளுங்க. நிறுத்துங்க."

"அட, இவ்ளோண்டு சாயம்!" ஹாஜா வெடித்தார். "மணி பன்னெண்டரை! ஓட்டு லா!"

"ஓட்டக் கூடாது, மொதலாளி."

"நான் சொல்றேன்!"

"நீங்க சொன்னா ஓட்டலாம். அட்டைய நீங்களே எடுத்து 'ஓடுவது' ஆணியில மாட்டுங்க. நான் மாட்ட மாட்டேன்."

பலகைக்கும் ஹாஜாவுக்கும் நடுவே இரண்டு எட்டுதான் தூரம். அவர் ஓர் எட்டு வைத்தார்.

"மொதலாளி, வேணாம்." பேசியது சுப்பையன். "காலையில நான் மாட்டுனேன். எழுபது தாளு போச்சு. இப்ப மாட்டுனா ஆயிரமும் போயிரும். கையில முப்பதுதான் மிச்சம்."

ஹாஜா நின்றார்.

கமலவேணி கதவு ஜன்னலையெல்லாம் சாத்தச் சொன்னாள். தாள்களை எஞ்சின் அறைச் சுவரோரம் பரப்பச் சொன்னாள்; அந்தச் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். சுப்பையனே குனிந்து நிமிர்ந்து பரப்பினார். மாணிக்கவாசகம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார். பெரிய மிஷின் வெறுமனே நின்றது. கடிகாரம் ஓடியது. அவள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலை வைத்துப் பார்த்தாள். ரோஸ். மங்கிய ரோஸ்.

ஒரு மணி ஐந்து நிமிடம். விரல் சுத்தம்!

அவளே அட்டையை மாட்டினாள். "ஓட்டுங்க."

இரண்டு மணி பத்துக்குக் கடைசித் தாள் இறங்கியது. நீலம் மெல்லிய எழுத்து. சூட்டுச் சுவரோரம் ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்தது. நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூவாயிரம் தாளும் லாரியில் ஏறின. கெட்டது எழுபதுக்கு மேல் ஒன்றுகூட இல்லை.

மாணிக்கவாசகம் ஒரு தாளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். சிவப்பு சிவப்பாக இருந்தது. நீலம் நீலமாக இருந்தது. "நம்ம ஊர்ல அடிச்சதுன்னு தலை நிமிந்து குடுக்கலாம்" என்றார். உடனே முதலாளி பக்கம் திரும்பினார். "ஹாஜா பாய், கிளேபாங் கமிட்டிக்கும் ஆயிரம் வேணுமாம். இன்னிக்கே ஓட்ட முடியுமா?"

ஹாஜா வாயைத் திறந்தார். வழக்கமாக அந்த வாயிலிருந்து 'முடியும் லா' என்றுதான் வரும். ஒரு கணம் யோசித்தார். பிறகு கையைப் பலகைப் பக்கம் காட்டினார்.

"என்னக் கேக்காதீங்க. அந்தப் புள்ளயக் கேளுங்க."

கமலவேணி புது அட்டை ஒன்றை எடுத்தாள். மை தொட்டு எழுதினாள். 'காத்திருப்பது' ஆணியில் மாட்டினாள்.

"சிவப்பு இன்னிக்கு அஞ்சு மணிக்கு. நீலம் நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு. அதுக்கு முன்னால யாரு கேட்டாலும் கெடையாது, ஐயா."

"யாரு கேட்டாலும்" என்று சுப்பையன் உரக்கச் சொல்லிவிட்டு, உருளையைக் கழுவப் போனார்.