கடைசி வகைக்குக் கேள்வி கிடையாது

எங்கள் அண்ணனுக்கு எல்லாமே முன்கூட்டி முடிவாகியிருக்க வேண்டும். குடை எடுத்துப் போன நாளில் மழை வராவிட்டால் மழையின் மேல் கோபப்படுகிற ரகம். ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயரே 'முன்கூட்டி'. நானும் அதே ஆபீசில்தான் டெஸ்டர். அவர் எழுதும் புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பது என் வேலை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அதைத்தான் செய்கிறேன், சம்பளம் மட்டும் இப்போதுதான் வருகிறது.

செல்லப்பிராணிக் காப்பகம் ஒன்றுக்குத் தீனி போடும் மெஷின் செய்துகொண்டிருந்தோம். பிராணி முன்னால் வந்து நின்றால், அதன் உடம்பில் மாட்டியிருக்கும் வில்லையின் எண்ணைப் படித்து, என்ன வகை என்று கண்டுபிடித்துத் தீனி போட வேண்டும். பூனை, முயல், கிளி, நாய் என்று அண்ணன் நான்கு வகைகளை வரிசையாக எழுதிவைத்தார். மெஷின் ஓடுவதற்கு முன்பே, கம்பைல் செய்யும்போதே, அதாவது எழுதியதை மெஷினுக்குப் புரிகிற மொழிக்கு மாற்றும்போதே, கம்பைலர் அந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் போய் 'வந்த எண் பூனையுடையதா? முயலுடையதா?' என்று வகைக்கொரு கேள்வியைத் தயாராக்கிவிடும். பிறகு ஓடும்போது வருகிற எண்ணை அந்தக் கேள்விகளிடம் காட்டினால் போதும். கெட்டிக்கார வேலைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மகானுபாவர் கடைசி வகைக்கு மட்டும் கேள்வியே வைக்கவில்லை.

"மத்த மூணும் இல்லைன்னா நாய்தானே? அதுக்குத் தண்டமா ஒரு கேள்வி எதுக்கு?" என்றார்.

"நாலுலயும் சேராத ஒண்ணு வந்து நின்னா?"

"வராது. அதான் நான் யோசிச்சுட்டேனே."

ஆபீசின் குறைப் பட்டியலில் இதைக் குறை என்று பதிந்தேன். 'நடக்காது' என்று எழுதி அண்ணன் அந்தக் குறையை மூடினார். திறந்தேன். மூடினார். சுவரிலாவது முட்டிக்கொள்ளலாம், அது திருப்பிப் பேசாது.

வீட்டிலும் இதே கதைதான். அம்மா அப்பா போனபின் எனக்கு எல்லாம் அண்ணன்தான். அவர் மனசார சரி என்று சொல்லாமல் எனக்குக் கல்யாணமே வேண்டாம். மாப்பிள்ளைக்கும் அவர் நான்கு வகை வைத்திருந்தார். ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் ஆரம்பித்தார்.

"இன்ஜினியரா?"

"இல்ல."

"ஆடிட்டர்?"

"இல்ல."

"வாத்தியார்?"

"இல்லண்ணா, அந்தக் காப்பகத்துல..."

"அப்ப டாக்டர்! மிருக டாக்டர்னாலும் டாக்டர் டாக்டர்தான்!"

அவ்வளவுதான். அண்ணியைக் கூப்பிட்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்பு கொடுத்து, ஊரைக் கூட்டிவிட்டார். எனக்குப் பிடித்தவர் அங்கே கூண்டு கழுவுகிறவர் என்று சொல்ல வாய் திறந்த போதெல்லாம் அந்த வாயில் ஒரு லட்டைத் திணித்தார்கள்.

மெஷினைக் காப்பகத்தில் ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. பூனைக்குப் பூனைத் தீனி, முயலுக்கு முயல் தீனி. கிளி தேறியது; மெஷின் வீசிய பந்தைக் கொண்டுவந்து நாயும் தேறியது. அண்ணன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"புதுசா ஒருத்தர் வந்திருக்கார். அவரையும் நிறுத்திப் பாத்துடலாமே," என்றார் காப்பக முதலாளியம்மா.

பின்கட்டிலிருந்து ரப்பர் பூட்சும் ஈரக் கால்சட்டையுமாக எனக்குப் பிடித்தவர் வந்தார். கையில் அந்தப் புது ஆள், ஒரு ஆமை.

மெஷின் வில்லையைப் படித்தது. பூனை இல்லை, முயல் இல்லை, கிளி இல்லை. ஆகவே நாய். "ஓடு செல்லம், ஓடு!" என்று கூவிப் பந்தை வீசியது. பந்து ஓட்டில் பட்டுத் தெறிக்க, ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நாய் பந்தைக் கொண்டுவந்தால்தான் தீனி. "கொண்டு வா! கொண்டு வா!" என்று மெஷின் உயிரை வாங்கியது. கடைசியில் அவரே குனிந்து பந்தை எடுத்து உள்ளே போட்டார்.

"நல்ல பையன்!" என்று பாராட்டி, ஒரு கிண்ணம் எலும்புத் துண்டை அவர் பூட்சில் கொட்டியது மெஷின். முதலாளியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. நான் அவரைப் பார்த்த விதத்தைக் கவனித்துவிட்டார். "இவரு...?"

"கூண்டெல்லாம் கழுவறவர். இவர் இல்லைன்னா இங்க ஒரு வேலையும் ஓடாது," என்றார் முதலாளியம்மா.

"அப்ப டாக்டர்?"

"அந்தம்மா வாரத்துக்கு ஒரு தரம் வந்து போவாங்க. பேரன் பேத்தி எடுத்தவங்க."

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இவர்தாண்ணா," என்றேன். "நீ அதுக்குமேல கேக்கவே இல்லையே."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அண்ணி வைத்த காபி இரண்டு பேருக்கும் ஆறிப்போயிற்று.

"அஞ்சாவதா ஆமையைச் சேர்த்தாச்சு," என்றார் ஒருவழியாக. "நாய்க்கும் கேள்வி வச்சுட்டேன். எதுலயும் சேராதது வந்தா ஆளைக் கூப்பிடுன்னும் எழுதிட்டேன். உன் குறையை நீயே மூடிடு."

"என் விஷயம்?"

"அதுலயும் அஞ்சாவதா ஒண்ணு சேர்த்தாச்சு. கூண்டு கழுவறவர்."

எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் டெஸ்டர் புத்தி சும்மா இருக்குமா?

"நாளைக்கு அவரை உக்கார வச்சு ஆயிரம் கேள்வி கேப்பியே?"

"கடைசியிலதானே போட்டிருக்கேன்," என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடைசி ஆளுக்கு நான் எப்பக் கேள்வி வச்சிருக்கேன்?"