சரியான வருத்தம்

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருவில் இருந்த தன் வீட்டின் கீழ்ப் போர்ஷனைத் தசரதன் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு விட்டதற்குக் கருணைதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படி ஏறாமல் உள்ளே நுழைகிற மாதிரி வீடு வேண்டும் என்று புரோக்கர் வந்து நின்றான். அந்தப் போர்ஷன் மழைக்காலத்தில் ஓதம் அடிக்கும், விஷயம் தெரிந்த உள்ளூர்க்காரன் எவனும் எட்டிப் பார்க்க மாட்டான். வந்தவரை லாபம் என்று இவர் சாவியைக் கொடுத்தார். அப்பா காலத்தில் நெல் விளைந்த இடம் அது. இப்போது நான்கு வீடு விளைந்திருக்கிறது. தசரதனும் அவர் மனைவி கிளியம்மாளும் மாடம்பாக்கத்தில் பெரிதாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

குடிவந்தவர் தவராசா, கூட அவர் மனைவி இராசமலர். தவராசா கொடிகாமத்தில் சொந்த வேன் ஓட்டுகிறவர். மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் வந்து மோதியதில் இடது கால் முறிந்தது. அங்கே வைத்த கம்பி சேரவில்லை. இருந்த நகையை விற்றுக்கொண்டு சென்னைக்கு வந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்பியை மாற்றி வைத்துக்கொண்டார். இடது கால் இல்லையென்றால் கிளட்ச் இல்லை, கிளட்ச் இல்லையென்றால் வேன் இல்லை, வேன் இல்லையென்றால் தான் இல்லை என்று அவரே கணக்குச் சொன்னார். ஊர் திரும்பி, பலாலியில் விமானப் படியில் தன் காலால் இறங்க வேண்டும், மறுநாளே வேனை எடுக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அந்த மனிதருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். எங்கே நடப்பது என்று சொல்லவில்லை. நல்ல கால் இருக்கிறவனுக்கே கேம்ப் ரோடு ஒரு சோதனை. நடைபாதை என்று ஒன்று ஆரம்பிக்கும், நான்கு எட்டில் டிரான்ஸ்பார்மர் வந்து வழியை மறிக்கும், இறங்கினால் பைக், ஏறினால் இளநீர்க் குவியல். வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்துத் தவராசா மருந்துக் கடைக்குப் போய் வருவதற்குள் இராசமலர் சோறு வடித்து, குழம்பும் வைத்து முடித்திருப்பாள். பஸ்ஸின் முதல் படி அவர் இடுப்புக்கு இருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் இன்னொரு வம்பு.

"பெருசு, காலை மடக்கு, ஆளு குந்தணும்" என்றான் ஒரு டிரைவர்.

"மடக்க ஏலாது தம்பி."

"இன்னாது, ஏலமா? எதை ஏலம் வுடற?"

தவராசா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தசரதன் அதைவிட அதிகமாகச் சிரித்தார். மொழி பெயர்க்க ஆள் இல்லாததுதான் குறை என்று அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். வாடகைக்கு விட்ட வீட்டுப் பக்கம் மாதம் ஒரு முறை தலைகாட்டுகிறவர், இப்போது தினமும் தன் பழைய ஆம்னி வேனில் வந்து இறங்கினார். ஆம்னியின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தால், காலை நீட்டியபடியே சீட்டில் சறுக்கி ஏறிவிடலாம். மருந்துக் கடை, ரத்தப் பரிசோதனை, ஞாயிற்றுக்கிழமை மீன் என்று எல்லாவற்றுக்கும் ஆம்னிதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்திப் பறவைகளைக்கூடக் காட்டினார். "எங்கட தொண்டைமானாற்றுப் பக்கமும் உது வாறது" என்று தவராசா ஒரு நாரையைக் காட்டிச் சொன்னார்.

ஒரு நாள் காலையில் தசரதன் போன் போட்டபோது, "வெளிக்கிட்டிட்டன் அண்ணை" என்றார் தவராசா. தசரதன் மரியாதையாக, "பொறுமையா போய்ட்டு வா, அவசரமில்ல" என்று சொல்லித் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். தவராசா பாத்ரூமில் இருக்கிறார் என்று இவர் நினைப்பு. அவரோ புறப்பட்டுத் தயாராக வாசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு வண்டி முழுக்கச் சிரிப்பு. அதிலிருந்து தசரதன் யாழ்ப்பாணத் தமிழில் பண்டிதராகிவிட்டார். கதைப்பது என்றால் பேசுவது, பேசுவது என்றால் திட்டுவது, கெதியா என்றால் சீக்கிரம் என்று மருந்துக் கடைப் பையனுக்கும் பக்கத்துப் போர்ஷன் ஜெயஸ்ரீக்கும் வகுப்பெடுத்தார். "நம்மளாண்ட கேளு, எனக்குத் தெரியாததா" என்பார். கற்றுக்கொண்டது ஒரு கைப்பிடி, காட்டிக்கொண்டது ஒரு மூட்டை.

சனிப் பிரதோஷம் வந்தது. மாடம்பாக்கம் சிவன் கோயிலின் உள் பிரகாரம் கல் பாவிய சமதரை. அங்கே பயமில்லாமல் ஒரு சுற்று நடக்கலாம் என்று தசரதன்தான் ஆசை காட்டினார். "சாயங்காலம் நானே வந்து கூட்டிக்கினு போறேன். நீ ரெடியா இரு, அது போதும்."

அவர் ரெடியாகத்தான் இருந்தார். இவர்தான் இல்லை. கிளியம்மாளின் அண்ணன் மகள் கல்யாணம் செங்கல்பட்டில். சனிக்கிழமை ரிசப்ஷன், ஞாயிறு முகூர்த்தம். அத்தை வீட்டுச் சீர் எடுக்கிற அவசரத்தில் மத்தியானமே வண்டியை எடுத்துவிட்டார். தவராசா ஞாபகம் வந்தபோது கையில் ஐஸ்கிரீம் கிண்ணம் இருந்தது. மேடையில் லைட் மியூசிக்காரன் பாடிக்கொண்டிருந்தான். இனிமேல் போன் செய்து என்ன சொல்வது என்று கூச்சமாக இருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஒரு போன், ஒரு நிமிஷம். அதைக்கூடச் செய்யவில்லை.

ஞாயிறு முகூர்த்தம் முடிந்து பந்திக்கு உட்காரப் போகும் நேரத்தில் இராசமலர் கூப்பிட்டாள். மேளம் ஓய்ந்திருந்தது. ஒரு சொல்லும் சிந்தாமல் காதில் விழுந்தது.

"அண்ணை, அவர் நேற்றுப் பின்னேரம் உங்களைப் பாத்துக்கொண்டு இருந்திட்டு, பிறகு தனியக் கோயிலுக்குப் போட்டு வந்தவர். இண்டைக்குக் காலமை தொடக்கம் அவருக்குச் சரியான வருத்தம். ஒருத்தரோடையும் கதைக்கிறார் இல்லை. சாப்பிடுறாரும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்."

தசரதனுக்குச் சுருக்கென்றது. சரியான வருத்தம்தான். வரச் சொல்லிவிட்டு வராமல் போனால் எவனுக்குத்தான் வருத்தமாக இருக்காது? நியாயமான கோபம், அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

"இருக்காதா பின்ன. இன்னிக்கு ஒண்ணியும் பண்ணாதம்மா. நாம இன்னா பண்ணாலும் ஏறத்தான் செய்யும். அதுவா தணியட்டும். கொஞ்சம் கஞ்சி வெச்சுக் குடுத்துட்டுத் தூங்க வுடு. நாளைக்கு நானே வந்து பாத்துக்கறேன்."

இராசமலர் தயங்கிக் கேட்டாள்.

"பயமில்லையோ அண்ணை?"

"இதுல இன்னா பயம்? எனக்குத் தெரியாதா? ஒரு நாள்ல தானா எறங்கிடும்."

"சரி அண்ணை. நீங்கள் சொன்னால் சரி."

போனை வைத்ததும் கிளியம்மாள் யார் என்று கேட்டாள்.

"நம்ம தவராசா. நேத்து போகலைன்னு மூஞ்சைத் தூக்கி வெச்சிகினு கீறான்."

"செங்கல்பட்டு இன்னா சீமையா? சாப்ட்டுட்டு ஒரு எட்டு போய் பாத்துட்டு வாயேன்."

"கோவத்துல கீறவன் முன்னால போய் நின்னா வார்த்தை வளரும். நாளைக்குப் போறேன்" என்று தசரதன் இலையில் உட்கார்ந்தார். உண்மையில் அவருக்குப் போய் நிற்க முகம் இல்லை. அதைப் பெருந்தன்மை மாதிரி அவளிடமும் தன்னிடமும் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமையும் சம்பந்தி வீட்டு விருந்து என்று நேரம் போயிற்று. சாயங்காலம்தான் கல்யாண லட்டு ஒரு டப்பாவோடு சேலையூருக்கு வந்தார். லட்டைக் கொடுத்து, நாலு திட்டு வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். வீடு பூட்டியிருந்தது. ஜெயஸ்ரீ ஓடி வந்தாள்.

"எங்க அங்கிள் போயிட்டீங்க? விடியக்காலையில ஆம்புலன்ஸ் வந்து எடுத்துட்டுப் போச்சு. கால் அப்படி வீங்கி, கலரே மாறிப்போச்சு. ஃபீவர்ல அவருக்கு நினைவே இல்ல. அந்த அக்கா சனிக்கிழமை நடந்ததைச் சொல்லி அழுதாங்க. கோயிலுக்குப் போற வழியில ஷேர் ஆட்டோவுல இருந்து இறங்கறப்ப மழைத் தண்ணியில விழுந்துட்டாராம். கட்டெல்லாம் சேறாம். வலிக்கலைன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாராம்."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. விஷம் மேலே ஏறிக்கொண்டே இருந்ததால் உயிரைக் காப்பாற்ற இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நேற்றே கொண்டு வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை இராசமலர் அழாமல் சொன்னாள். அழுது முடித்த முகம் அது.

"என்னம்மா, எங்கிட்ட ஜுரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னனான்தானே அண்ணை. சரியான வருத்தம் எண்டு அப்பவே சொன்னனான்."

"எம்மேல வருத்தம்னு..."

"உங்களுக்கு மேலயோ?" அவளுக்குப் புரியவில்லை. "காய்ச்சல், நடுக்கம், கால் வீக்கம். வருத்தக்காரரை வேற எப்பிடிச் சொல்லுறது?"

தசரதனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். சரியான என்றால் ரொம்ப. புருஷனுக்கு ரொம்ப முடியவில்லை, ஓடி வா என்று ஒருத்தி அழைத்திருக்கிறாள். இவர் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்திருக்கிறார். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை.

"நீங்கள்தான் தணியும், இறங்கும் எண்டு சொன்னீங்கள். கஞ்சி குடுக்கச் சொன்னீங்கள், குடுத்தனான்" என்றாள் இராசமலர். "நீங்கள் இந்த ஊர் ஆள். இஞ்சத்தைக் காய்ச்சல் உங்களுக்குத் தெரியும்தானே எண்டு ராத்திரி முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்தன்."

குற்றம் சாட்டும் குரலில் அவள் இதைச் சொல்லியிருந்தால் தசரதன் தாங்கியிருப்பார். அவள் நடந்ததைத்தான் சொன்னாள். கையில் இருந்த லட்டு டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனார், விசா நீட்டிக்க அலைந்தார், சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தார். நாற்காலி உருள நிலைப்படிக்குச் சிமென்ட் போட்டுச் சரிவு கட்டினார். எது செய்தாலும் ராத்திரியில் அந்த ஒரே போன்தான் காதில் கேட்டது. வார்த்தை மாறிப்போனதற்கு நான் என்ன செய்வேன் என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தார். யார் கேட்டாலும் அப்படித்தானே புரிந்துகொள்வார்கள்? அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் தவராசாவின் முகத்தைப் பார்க்க முடிந்தது. தவராசாவோ இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஊருக்குப் போகும் நாளும் வந்தது. இராசமலர் பெட்டிகளோடு ஆம்னியின் பின்னால் ஏறிக்கொண்டாள். தவராசா முன் சீட்டில் உட்கார வேண்டும் என்றார். தசரதன் தூக்கி உட்கார வைத்தார்.

"இப்ப ஏறுறது லேசாத்தான் கிடக்கு" என்றார் தவராசா.

கேம்ப் ரோட்டிலிருந்து தாம்பரத்தைத் தாண்டி வண்டி ஜிஎஸ்டி ரோட்டுக்கு வந்தது. தசரதன் கியர் மாற்றும்போதெல்லாம், பக்கத்தில் வேட்டிக்குள்ளே ஒரு பாதித் தொடை கிளட்சை மிதிக்கப் போவதுபோல எழும்பி அடங்கியது. அதைப் பார்க்காமல் ஓட்ட முயன்றார். முடியவில்லை. குரோம்பேட்டை சிக்னலில் வண்டி நின்றபோது அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"தவராசா, என்னை மன்னிச்சிடுப்பா. எங்க ஊர்ல வருத்தம்னா மனசு நோவறது. நான் வரலைன்னு நீ எம்மேல கோச்சிகினு கீறேன்னுதான் நெனச்சேன். சத்தியமா உடம்புக்குன்னு தெரியாது."

"மலர் சொன்னவ" என்றார் தவராசா. கண்ணாடிக்கு வெளியே, ரோட்டைக் கடக்கிற ஜனங்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் விளங்கினது முழுக்கப் பிழை எண்டும் சொல்ல ஏலாது அண்ணை. பின்னேரம் முழுக்க வேட்டியும் கட்டி, திருநீறும் பூசி, வாசல்லயே இருந்தனான். தெருவில வாற ஒவ்வொரு வண்டியும் உங்கடது எண்டு எழும்பி எழும்பிப் பாத்தனான். எனக்கு அண்டைக்கு மனவருத்தமும் இருந்தது."

தசரதன் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளினார்.

"அப்பிடி நினைச்சிருந்தாலும், அதுக்காகவாவது நீங்கள் அண்டைக்கே வந்திருக்கலாம்" என்றார் தவராசா.

பச்சை சிக்னல் விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. தசரதனுக்குக் கால் எழவில்லை.