எழுதிக் கொண்டு வாங்க

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட் வீட்டை விற்றுவிட்டு அழுத கதை அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரியும். புரோக்கர் சுடலைமுத்து வந்து நல்ல விலை சொன்னான். வாங்குகிறவர் பெரிய கட்டடக்காரர், வாக்கு மாறாத மனுசன், வீட்டைக் காலியாகக் கொடுத்தால் போதும் என்றான். ஒஸ்வால்ட் அதை நம்பிக் குடியிருந்தவர்களை அனுப்பிவிட்டு, ஹெந்தளையில் ஓரிடம் பார்த்து முற்பணமும் கட்டினார். அதற்குப் பிறகுதான் விலை இறங்கத் தொடங்கியது. முதலில் கூரை சரியில்லை என்றார்கள், பிறகு நாட்டு நிலைமை சரியில்லை என்றார்கள். வாடகையும் போய், கட்டிய முற்பணமும் போய்விடும் என்ற பயத்தில், சொன்ன விலையில் மூன்றிலொரு பங்கை இழந்து உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். காணி, வீடு விஷயத்தில் வாய்ப்பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று பத்திரம் எழுதிய நொத்தாரிசு கையை விரித்துவிட்டார்.

மத்திய வங்கியில் குண்டு வெடித்த வருஷம் அது. தமிழர் வீடுகளில் சோதனை கூடியிருந்தது. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து தங்குபவர்கள் பொலிஸில் பெயர் பதிய வேண்டும். பயந்தவர்கள் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒஸ்வால்ட் வீட்டை ஒட்டியிருந்தது பாக்கியலெட்சுமியின் வீடு. துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் புருஷன் ராமையா வாங்கியது. எண்பத்துமூன்று கலவரத்தில் அதன் முன்பக்கத்தைக் கொளுத்தினார்கள். அகதி முகாமிலிருந்து திரும்பிய இருவரும் கருகிய சுவரைத் தாங்களே சுரண்டி வெள்ளையடித்தார்கள். ராமையா இறந்த பிறகு அவள் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தாள். மேல்மாடியை வாடகைக்கு விட்டாள். இப்போது அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த றமீலாவும் அவள் தாயும் இருந்தார்கள். கனடாவிலிருந்த புருஷனிடம் தாயையும் கூட்டிக்கொண்டு போக றமீலா விசாவுக்குக் காத்திருந்தாள்.

சுடலைமுத்து ஒரு காலையில் வந்து உட்கார்ந்தான். ஒஸ்வால்டுக்குச் சொன்னதைவிடக் கூடிய விலை சொன்னான்.

"மேல இருக்கிறவங்கள மட்டும் இந்த மாசத்தோட அனுப்பிருங்க தங்கச்சி. மத்ததெல்லாம் நான் பார்த்துக்கிறேன்."

"சந்தோசம் அண்ணே. இதை அந்த ஐயாகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. நொத்தாரிசு முன்னுக்கு, ரெண்டு சாட்சியோட."

சுடலைமுத்து சிரித்தான். "நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு எழுத்து? வார்த்தைய விடப் பெரிய பத்திரம் உண்டா?"

"ஒஸ்வால்ட் ஐயாவுக்கும் நீங்க வார்த்தைதானே குடுத்தீங்க."

அவன் முகம் கறுத்தது. எழுந்து நின்று மாடிப்படியைப் பார்த்தான். "யாழ்ப்பாணத்து ஆளுங்கள வச்சிருக்கீங்க. காலம் சரியில்ல. நாளைக்குப் பொலிஸ் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அவங்க பேரு பொலிஸில பதிஞ்சிருக்கு. நீங்க இப்ப சொன்னதையும் எழுதிக் குடுங்க. நானே கொண்டுபோய்க் காட்டுறேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அந்த வாரமே பொலிஸ் வந்தது. அவன் சொல்லி வந்ததா, வழக்கமான சோதனையா என்பது கடைசிவரை தெரியவில்லை. பதிவைக் காட்டியும் கேளாமல் றமீலாவை விசாரணைக்கென்று ஜீப்பில் ஏற்றினார்கள். தாய் படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பாக்கியலெட்சுமி அடுப்பை அணைத்து, சேலையை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

நாளைக்கு வரச் சொன்னார்கள். அவள் சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். சார்ஜன்ட் ஒருவர் வந்து அதட்டினார்.

"ஏ மகே கெதர ளமயா, மாத்தயா," என்றாள் அவள். அது என் வீட்டுப் பிள்ளை. "பிள்ளைய விடுங்க, போறேன்" என்பதையும் சிங்களத்திலேயே சொன்னாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் றமீலாவை வெளியே விட்டார்கள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் நடந்து வந்தாள். மறுநாள் பாக்கியலெட்சுமி கடைகளுக்கு இடியப்பம் அவிக்கவில்லை. பயம் அவளுக்கும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

றமீலாவின் தாய் பெட்டியைக் கட்டிக்கொண்டு கீழே வந்தாள். "அக்கா, நாங்கள் வெள்ளவத்தையில ஒரு லொட்ஜுக்குப் போறம். எங்களால உங்களுக்குக் கரைச்சல்."

"நீங்க போனா அந்தப் புரோக்கர் கேட்ட காலி வீடு அவனுக்குக் கெடைச்சிரும். பெட்டிய மேல கொண்டுபோங்க."

ஒரு மாதம் பொறுத்துச் சுடலைமுத்து மறுபடி வந்தான். அந்தக் கட்டடக்காரருக்கு இந்த வீடு இல்லாமல் மாடிக் கட்டடத்துக்கு அகலம் போதாது. அதனால் இம்முறை கையில் ஆங்கிலத்தில் டைப் அடித்த கடதாசி இருந்தது. கீழே அவர் கையெழுத்தும் இருந்தது. பாக்கியலெட்சுமி றமீலாவைக் கூப்பிட்டு, வாசலில் நின்றே தமிழில் வாசித்துச் சொல்லச் சொன்னாள். அக்கம்பக்கத்தவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

வாயால் சொன்ன விலை அதில் இல்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே ஒரு விலை இருந்தது. வீட்டைக் காலியாக்கிய பிறகே முற்பணம் தரப்படும் என்றிருந்தது. பிடிக்காவிட்டால் வாங்குகிறவர் எப்போதும் விலகிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

"இப்பத்தான் அந்த ஐயா உண்மையப் பேசியிருக்காரு," என்றாள் பாக்கியலெட்சுமி. "கையெழுத்துப் போடணும்னு வந்ததும் அவர் மனசில இருந்த வெல வெளிய வந்திருச்சு."

"இந்தச் சண்டைக்குள்ள இதுக்கு மேல ஒருத்தனும் தரமாட்டான்."

"தர வேணாம். எரிஞ்ச வீட்டையே விக்காத ஆளு நான். வெள்ளையடிச்ச வீட்டையா விக்கப்போறேன்?"

கடதாசியை மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்றார்கள். அவன் குனிந்த தலையோடு போனான்.

கட்டடம் ஒஸ்வால்டின் நிலத்தில் மட்டும், ஒடுங்கலாக எழுந்தது. ஒரு வருஷம் முழுக்க சீமெந்துத் தூசி அவள் காயப்போட்ட துணியிலெல்லாம் படிந்தது. அவள் உதறி உதறிக் கட்டினாள். சந்தில் வேறு யார் வீட்டைக் கேட்டு வந்தாலும் முதலில் கடதாசி கேட்டார்கள். சுடலைமுத்து அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டு, கிராண்ட்பாஸ் பக்கம் போய்விட்டதாகப் பேச்சு.

விசா கிடைத்து றமீலாவும் தாயும் புறப்பட்ட அன்று, இனியாவது கரைச்சலில்லாத ஆட்களாகப் பார்த்து வையுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி புத்தி சொன்னாள். பாக்கியலெட்சுமி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மாடியைக் கொடுத்தாள். அவர்களைத் தானே பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் பதிந்தாள்.