செபஸ்தியான் அண்ணையின் மரண அறிவித்தல்

யேசுரட்ணம் வீட்டில் சோபா கிடையாது. சோபா இருக்க வேண்டிய இடத்தில், மூடப்பட்ட தேவாலயம் ஒன்றிலிருந்து நாலு பேர் தூக்கிவந்து இறக்கிய ஓர்கன் வாத்தியம் ஒன்று குந்தியிருந்தது. புலம்பெயர்ந்து வந்து குடியேறிய வோபர்னில், அடுக்குமாடியின் ஆறாம் மாடியில், விருந்தாளிகள் அதைச் சுற்றி நின்றபடியே தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். மனைவி மக்டலீன் ஆறு வருடம் பொறுத்தாள். யேசுரட்ணத்தின் போன ஓர்கன் கச்சேரிக்கு வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி அவள், இன்னொருவர் மண்டபத்தைப் பூட்ட வந்தவர். அன்றைக்கே சொல்லிவிட்டாள், அடுத்த முறை ஐம்பது பேர் வராவிட்டால் ஓர்கன் போகும், சோபா வரும் என்று.

யேசுரட்ணத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. பகலில் பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் நின்றாலும் அவர் வாழ்ந்ததெல்லாம் அந்தக் காலத்து ஜெர்மன் இசைமேதை யோகான் செபஸ்தியான் பாக்கோடுதான். பாக் கண்மூடியது ஒரு யூலை 28இல். அந்த நினைவாக 1995 ஓகஸ்ட் 5, சனிக்கிழமை பிற்பகல், ஓர்கன் உள்ள ஒரு தேவாலய மண்டபத்தில் கச்சேரி என்று முடிவு செய்தார்.

விளம்பரம் எழுதத்தான் வரவில்லை. ஒருவருடைய வாழ்க்கையைச் சுருக்கி எழுத நம் ஆட்களுக்குத் தெரிந்த வடிவம் ஒன்றே ஒன்று. அதிலேயே எழுதினார்: 'ஜெர்மனி ஐசனாக்கைப் பிறப்பிடமாகவும் லைப்சிக்கை வதிவிடமாகவும் கொண்ட யோகான் செபஸ்தியான் பாக் அவர்கள் 28.07.1750 அன்று காலமானார். அன்னார் காலஞ்சென்ற அம்புரோசியுஸ், எலிசபெத் தம்பதியரின் அன்பு மகனும், மரியா பார்பரா, அன்னா மக்டலேனா ஆகியோரின் அன்புக் கணவரும், இருபது பிள்ளைகளின் பாசமிகு தந்தையும் ஆவார்.' மேலே பாக்கின் படம், கீழே மண்டப விலாசம், நேரம், தன் தொலைபேசி எண்.

தமிழ் வாரப் பத்திரிகையில் எழுத்துக் கோர்த்த வினோதன் நல்ல பிள்ளை. துக்கத்தில் இருப்பவர்கள் வருடத்தைப் பிழையாக எழுதுவது சகஜம் என்று 1750ஐ 1995 ஆக்கி, கறுப்புக் கட்டம் போட்டு, மேலே சிலுவையும் வைத்தான்.

புதன்கிழமை தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. பக்கத்து நகரான ஒஷாவாவிலிருந்து ஓர் அன்ரி எடுத்த எடுப்பில் அழுதார். மார்க்கம் நகரிலிருந்து ஒருவர் ஊர் எது என்று விசாரித்தார். மாலைக்குள் யாரோ, செத்தவர் பாசையூர்க்காரர் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நீக்கிலாஸ் என்பவர், ஜெர்மனி அகதி முகாமில் செபஸ்தியான் அண்ணையும் தானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் என்றார். படத்திலுள்ள நிறத்தையும் சுருள் முடியையும் பற்றிக் கேட்டால், அந்தக் குடும்பமே அப்படித்தானாம். யேசுரட்ணம் ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொல்லப் பார்த்தார். ஆனால் துக்க வீட்டுக்காரரைப் பேசவிடுவது நம் வழக்கமில்லையே. பகலெல்லாம் மூடி செய்கிற மனிதரால் ஊர் வாய்க்கு ஒரு மூடி செய்ய முடியவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. எல்லோரும் வெள்ளையிலும் கறுப்பிலும் வந்திருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று இடியப்பமும் சொதியும் தட்டுத் தட்டாக வந்து இறங்கின. மக்டலீன் ஐம்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

வாயை மூடிக்கொண்டு வாசித்தால் ஓர்கன் மிஞ்சும். யேசுரட்ணத்துக்கும் அது தெரியும். ஆனால் பாக்கின் பெயரில் பொய் சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. எழுந்து நின்றார்.

"எல்லாரும் மன்னிக்கோணும். இந்த மனுசன் செத்து இருநூற்று நாற்பத்தைஞ்சு வருசம். பாசையூரும் இல்லை. வெள்ளைக்காரன்."

நீக்கிலாஸ் தரையைப் பார்த்தார். பின்வரிசையில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ இடியப்பத் தட்டைத் திரும்பத் தூக்கினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் யேசுரட்ணம் வாயில் வந்ததைச் சொன்னார்.

"இவர் ஒருக்கா வேலையா வெளியூர் போனவர். திரும்பி வரேக்கை மனுசி செத்து, புதைச்சும் போட்டினம். முகம்கூடப் பாக்கக் கிடைக்கேல்லை."

தூக்கிய தட்டு மெல்லக் கீழே இறங்கியது. பெற்றவர்கள் செத்த செய்தியைத் தொலைபேசியில் மட்டும் கேட்டு, அடுத்த நாள் வேலைக்குப் போனவர்கள்தான் அந்த மண்டபத்தில் பாதிப் பேர். ஊரில் சண்டை. யாரும் போகவில்லை, போகவும் முடியாது.

நீக்கிலாஸ்தான் முதலில் பேசினார். "அப்ப வாசியும் ஐசே. செத்தவீட்டுக்கு வந்திட்டுச் சும்மா எழும்பிப் போகேலாது."

யேசுரட்ணம் வாசித்தார். இரண்டாவது பாட்டிலேயே ஒஷாவா அன்ரி, "என்ரை அம்மா" என்று பெருங்குரலெடுத்துவிட்டார். பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. ஆளாளுக்குத் தங்கள் தங்கள் செத்தவீட்டை அன்றைக்குச் செய்து முடித்தார்கள். அழுகைச் சத்தத்தில் யேசுரட்ணம் விட்ட பிழைகள் ஒருவர் காதிலும் விழவில்லை. அவருடைய சட்டையின் முன்பக்கமும் நனைந்திருந்தது.

திங்கட்கிழமை ஒஷாவா அன்ரி தொலைபேசி எடுத்து, முப்பத்தோராம் நாள் நினைவு எப்போது என்று கேட்டார். மக்டலீன் ஓர்கனைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு கணவரிடம் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, உவருக்கு இன்னும் பாட்டு மிச்சம் இருக்கோ?"

"ஆயிரம் இருக்கு."

அவள் தொலைபேசிக்குத் திரும்பினாள். "ஓம் அன்ரி, இருபத்தேழாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பிறகு ஆண்டுத் திவசமும் இருக்கு. வீட்டை வந்தால் நிண்டுதான் தேத்தண்ணி குடிக்கோணும், இஞ்சை சோபா இல்லை."