கை கொடுக்க ஆளில்லை

கும்மிடிப்பூண்டி பார்சல் ஆபீஸில் பெரிய பெட்டியை எவனும் தானாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது, தானாக இறக்கவும் முடியாது. ரெண்டு பேர் கை கொடுக்க வேண்டும். 'கை' என்று குரல் கொடுத்தால் பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட ஓடி வருவான். இது அங்கே சுமை தூக்கும் மணவாளனுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அவன் புத்தி புல் மேயப் போயிருந்தது.

லாரியிலிருந்து சரக்கு சரிந்து தானியேலின் கால் நசுங்கியது. நொண்டிக்கு இங்கே வேலையில்லை என்று மேனேஜர் கணக்குத் தீர்த்துவிட்டார். அவனைத் திரும்பச் சேர்க்கும்வரை சரக்கைத் தொடுவதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். கைவண்டிகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, தானியேலையும் நடுவில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். மணவாளனும்தான் சத்தியம் செய்தான்.

ஆனால் வீட்டில் பெண்டாட்டி கனகாம்பாளுக்கு நிறைமாதம். முதல் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் வயிற்றிலேயே போய்விட்டது. அந்தப் பயம் அவனைச் சோறு தின்ன விடவில்லை. இந்த நேரம் பார்த்து மேனேஜர் பின்கதவு வழியாகக் கூப்பிட்டனுப்பினார்.

"மருந்துக் கடைப் பெட்டி ஒண்ணை மட்டும் கொண்டுபோய்ப் போட்டுடு. உன் வேலையைப் பர்மனென்ட் ஆக்கிடறேன். பிரசவத்தை மெட்ராஸ்ல கம்பெனியே பார்த்துக்கும்."

மேனேஜரும் கிளார்க்கும் மூச்சு வாங்கப் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் வைத்தார்கள். ஏற்றிவிட இவர்கள் இருக்கிறார்கள், போகிற இடத்தில் இறக்குவது யார் என்று கேட்கத் தோன்றியதா அந்த மடையனுக்கு?

வெளியே வந்தபோது ஒருவனும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்துகிற துலுக்காணம் நீட்டிய காலை மடக்கி வழி விட்டார், அவ்வளவுதான்.

மருந்துக் கடை தணிகாசலம் பெட்டியைப் பார்த்ததுமே பின்வாங்கினார். "நான் கை வெச்சா நாளைக்கு என் சரக்க எவன் கொண்டாருவான்? எட்த்துக்கினு போ நைனா."

பெட்டிக்குள் பாட்டில்கள் கலகலத்தன. கீழே போட்டால் வேலையும் போகும், பேரும் போகும். கழுத்து நரம்பு விண்விண்ணென்று தெறிக்க வந்த வழியே திரும்பினான். ஆபீஸ் கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. அடிதடி வருமோ என்று மேனேஜருக்கு நடுக்கம்.

"கை" என்றான் மணவாளன்.

யாரும் அசையவில்லை. எல்லோரும் துலுக்காணத்தைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரக்கத் தொட மாட்டோம்னு சொல்லிக்கீறோம்" என்றார்.

மணவாளன் தலையில் பெட்டி ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. கனகாம்பாள் முகம் கண்ணில் வந்தது. செத்தோம் என்று நினைத்தான்.

தானியேல் தடியை ஊன்றி எழுந்தான். நொண்டிக்கொண்டே கிட்டே வந்தான். தடியைக் கீழே போட்டுவிட்டு, ஒற்றைக் காலில் நின்றபடி ரெண்டு கையாலும் பெட்டியைப் பிடித்தான்.

"இவன் கழுத்து ஒடிஞ்சா பரவால்லியா?" என்று துலுக்காணத்தைக் கேட்டான்.

முதலில் ஓடி வந்தவர் துலுக்காணம்தான். அப்புறம் எத்தனை கைகள் என்று மணவாளனுக்குத் தெரியவில்லை. பெட்டி அலுங்காமல் மண்ணில் உட்கார்ந்தது.

ஜன்னலில் மேனேஜரின் தலை தெரிந்தது. "அதான் எல்லாரும் தொட்டாச்சே, அப்புறம் என்ன ஸ்டிரைக்கு? மணவாளா, நீ அதைக் கடைக்கு எடுத்துட்டுப் போ. சொன்னதைச் செய்வேன்."

கழுத்து திரும்பாததால் மணவாளன் உடம்போடு திரும்பினான். அந்த வேலை, அந்த ஆஸ்பத்திரி, எல்லாம் அந்த ஜன்னலுக்குள்தான் இருந்தன.

"தூக்கி உட ஆளு இல்ல சார்" என்றான்.

சொல்லிவிட்டுத் தானியேலின் தடியை எடுத்துக் கொடுத்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஊட்ல இன்னிக்கி எப்டி கீது?" என்று கேட்டான் தானியேல்.

"இடுப்பு வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தா."

துலுக்காணம் எழுந்துபோய், கவிழ்த்துப் போட்டிருந்த வண்டிகளில் ஒன்றை நிமிர்த்தி வைத்தார். "வலி எட்த்தா ஒரு கொரல் குடு" என்றார்.