வெள்ளத்துக்குள் முந்தியது

1940-ல் திருவனந்தபுரம் கரமனையில் எங்களுக்கு ஒரு விஞ்ஞான சங்கம் இருந்தது. வாத்தியார்கள், குமாஸ்தாக்கள் என்று இருபது பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மாடி அறையில் கூடுவோம். நான் சர்வே ஆபீஸில் படம் வரைகிறவன். ஒளியை எதாவது முந்த முடியுமா என்பதில் ஒரு வருஷமாக எனக்குப் பைத்தியம். கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, முடியாது என்று ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினேன்.

முடித்ததும் கடைசி வரிசையில் ஜெயபாய் எழுந்தார். நாகர்கோயில்காரர், பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். முதல் தடவையாக வந்திருந்தார்.

"வெள்ளத்துக்குள்ள எலக்ட்ரான் ஒளிய முந்தும்னு ஒரு பத்திரிகையில வாசிச்சேன் சார். செரிதானா?"

வெள்ளம் என்றால் அவர்கள் பக்கத்தில் தண்ணீர், மலையாளத்திலும் அதுதான். எனக்கு அது தெரியும். தினமும் ஹோட்டலில் வெள்ளம் கேட்டு வாங்கிக் குடிக்கிறவன். தெரியாதது பதில்தான்.

"வெள்ளம் வந்தா எருமைகூட வேகமாத்தான் போகும், டீச்சர்" என்றேன்.

அறை முழுவதும் சிரித்தது. "போன ஆடியில ஆத்தோட என் வைக்கோல்போர் போச்சு பாரும், ஒளி அதுகிட்டப் பிச்சை வாங்கணும்!" என்றார் தலைவர் நாகேஸ்வரன்.

"இல்ல சார், நான் சொன்னது தண்ணி." அந்தச் சிரிப்பில் இது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கையிலிருந்த நோட்டைத் திறக்காமலே அவர் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது வாரம் நூலகத்தில் அந்தப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். ஒளியை முந்த முடியாதது வெற்றிடத்தில்தான். தண்ணீருக்குள் ஒளியின் வேகம் முக்கால் பங்காகிவிடுகிறது. அங்கே எலக்ட்ரான் அதை முந்தும், அப்போது நீல வெளிச்சம் தெரியும். நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். காது சுட்டது.

அடுத்த கூட்டத்தில் காரியதரிசி போன மாத நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார்: "ஒரு மாதின் ஐயம் நகைச்சுவையுடன் தீர்த்துவைக்கப்பட்டது."

"திருத்தம் உண்டா?" என்றார் நாகேஸ்வரன்.

ஜெயபாய் வந்திருந்தார். அதே கடைசி வரிசை. நான் எழுந்தேன். சட்டைப்பையில் அந்தப் பத்திரிகைப் பக்கத்தைக் கையால் நகல் எழுதி வைத்திருந்தேன். அவருடைய சொல்லாலேயே சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியது.

"வெள்ளத்துக்குள்ள..." என்று ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான். கூரை அதிரச் சிரித்தார்கள். "ஓய் சாம்பசிவன், உம்ம எருமை இன்னும் கரையேறலையா!" என்று நாகேஸ்வரன் மேஜையைத் தட்டினார்.

ஜெயபாய் ஒரு தடவை என்னைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மரப்படியில் அவர் இறங்கும் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

"அப்போ திருத்தம் இல்லையே?" தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

இருக்கிறது என்ற ஒரு வார்த்தை போதும். அதற்குள் என் முகமும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.