மூன்று எண்ணுவதற்குள்

என் கணவர் ராஜரத்தினம் தினமும் மத்தியானம் கம்பளிக்குள் புகுந்து பறப்பார். காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆகாயம். ரோத்தான் பிரம்பு நாற்காலி விமானம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு குடை, அதுதான் விமானத்தைத் திருப்புகிற பிடி. "தெங்கேரா தாண்டியாச்சு, கடல் பச்சையா இருக்கு" என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வரும். பின்னால் உட்கார்ந்திருக்கும் நானும் கொஞ்சம் மிதப்பேன். அடுப்பில் சோறு குழைந்துபோன நாட்களும் உண்டு.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு விமானப்படையில் பறக்க ஆசை. சிங்கப்பூரில் தரையை விட்டு எழும்பாத ஒரு பயிற்சி விமானத்தில் உட்காரவைத்துச் சோதிப்பார்கள். எதிரியின் ராடார் நம்மைத் தேடினால் காதில் டிக், டிக் என்று கேட்கும். அதற்கெல்லாம் அசையக் கூடாது. நம்மையே பிடித்துக்கொண்டால் சத்தம் விடாமல் நீளும். மூன்று எண்ணுவதற்குள் திருப்ப வேண்டும். இல்லையென்றால் சுட்டுவிட்டதாக அர்த்தம். முதல் தடவை ஒவ்வொரு டிக்குக்கும் பதறித் திருப்பித் தோற்று வந்தார் இந்த மனிதர். ஒரு மாதம் கழித்து இரண்டாவது சோதனை. மூன்றாவது கிடையாது.

அதற்காகத்தான் பேட்டரியில் ஒரு பஸ்ஸரை மாட்டி என்னிடம் தந்திருந்தார். விரல் நுனியால் தட்டினால் டிக்; கையைத் தூக்கி நீளமாக அழுத்தினால் விடாத சத்தம். எதிரி நான்தான். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்த பெரிய உத்தியோகம் அது. ஒரே மாதத்தில் தப்பே இல்லாமல் தேறிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சோதனைக்கு முந்தின நாள் நீளமாக அழுத்தக் கையைத் தூக்கினேன். ஜன்னல் வழியே சாரல் அடிக்கிறதே என்று பார்த்ததில் கை அப்படியே நின்றுவிட்டது. பஸ்ஸர் ஒலிக்கவே இல்லை. குடை மட்டும் திரும்பிவிட்டது.

நீளமாக அழுத்தக் கையைத் தூக்கினால் என் கண்ணாடி வளையல்கள் சரிந்து கிணுகிணுக்கும். ஒரு மாதமாக அவர் காது பிடித்துக்கொண்டது அதைத்தான். அவருக்கே அது தெரியாது. வளையல்மேல் கைக்குட்டையைச் சுற்றிப் பார்த்தேன். துணி உரசியதற்கும் குடை திரும்பியது.

புருஷன் ஆகாயத்தை நம்பிப் புறப்படும் நேரத்தில் சுமங்கலி வெறுங்கையோடு இருப்பதா? அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்தேன். பயமாகத்தான் இருந்தது.

டிக், டிக்.

"கிளேபாங் வந்தாச்சு, மதி. படகெல்லாம் குட்டி குட்டியாத் தெரியுது."

அழுத்தினேன். ஒன்று. இரண்டு. மூன்று. அவர் கடல்மேல் போய்க்கொண்டே இருந்தார். ஐந்தில்தான் குடை திரும்பியது.

"சரியாத் திருப்பினேனா?"

சரி என்று சொல்லிவிட்டால் வளையல்களைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடலாம். நாளை தோற்று வந்து என்னோடேயே இருந்துவிடுவார் என்ற ஆசையும் எட்டிப் பார்த்தது. அதை மறைப்பானேன்.

வெறும் மணிக்கட்டைப் பார்த்தேன்.

"இல்லைங்க. உங்களைச் சுட்டாச்சு. மறுபடி ஏறுங்க."